சிங்கப்பூர்–நியூயார்க்: ஒரே மூச்சிலா, ஃபிராங்க்பர்ட்டில் இறங்கியா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். ஃபிராங்க்பர்ட் வழியாகச் சென்றால் 10,300, 6,200 என இரு கட்டங்களாக மொத்தம் 16,500 கிலோமீட்டர் ஆகிறது. கூடுதல் தூரம் எட்டு விழுக்காட்டிற்கும் குறைவுதான். ஆனால் இடைநில்லா விமானம் பதினெட்டரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும்போது, மற்றதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் தேவைப்படுகிறது; தரையிறங்குவதும் காத்திருப்பதும் மீண்டும் மேலேறுவதும், மேற்கு நோக்கிப் பறக்கும்போது எதிர்ப்படும் காற்றும் அந்தக் கூடுதல் நேரத்தை விழுங்கிவிடுகின்றன.

கட்டணத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை; எந்த வகுப்பு இருக்கை கிடைக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இடைநில்லாச் சேவைக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில் பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எக்கானமியில் 94 என மொத்தம் 161 இருக்கைகளே உள்ளன. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் தொலைவு என்பதால் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறார்கள். சாதாரணச் சிக்கன (எக்கானமி) வகுப்பு வேண்டுமானால் ஃபிராங்க்பர்ட்தான்.

சென்ற பயணத்தில் போகும்போது ஃபிராங்க்பர்ட் வழியாகவும், திரும்பும்போது இடைநில்லாமலும் வந்தேன். இனி நான் தேர்ந்தெடுக்கப்போவது ஃபிராங்க்பர்ட்டையே. காரணம் பணமன்று, முழங்கால். மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கு முக்கியம். நள்ளிரவை ஒட்டிச் சாங்கியை விட்டுக் கிளம்பும் விமானத்தில் ஓர் இரவு உறங்கி எழுந்தால் ஃபிராங்க்பர்ட்டில் விடிந்திருக்கிறது. நியூயார்க் செல்வோரும் கைப்பையுடன் இறங்கி, மீண்டும் பாதுகாப்புச் சோதனையைக் கடந்தாக வேண்டும். பலர் முகம் சுளிக்கும் அந்தக் கட்டாய நடைதான் எனக்கு மருந்தாக அமைந்தது. அடுத்த எட்டரை மணி நேரம் வேறொரு பயணம் போலக் கழிந்தது. திரும்பும்போதோ, இருக்கை அகலமாக இருந்தும், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து நடக்கத் தீர்மானித்திருந்தும், பக்கத்தில் உறங்குபவரை எழுப்பத் தயங்கியே பாதி முறை உட்கார்ந்துவிட்டேன். சாங்கியில் இறங்கியபோது காலணிக்குள் கால் நுழைய மறுத்தது. நெடுநேரம் அசையாதிருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதால் இதை வெறும் அசௌகரியமாக நான் கருதவில்லை.

இருப்பினும், ஒவ்வொரு வழியிலும் ஒரே ஒரு முறை, அதுவும் ஒரே திசையில் பயணம் செய்தவனின் கணிப்பு இது. ஃபிராங்க்பர்ட் வழியாகத் திரும்பும்போது முதற்கட்டம் குறுகியதாகவும் இரண்டாம் கட்டம் நீண்டதாகவும் மாறிவிடுகிறது. களைப்புக்குப் பின் வரும் அந்த நீண்ட கட்டம் எப்படி இருக்கும் என்பதை அடுத்த பயணத்தில்தான் அறிவேன். கைக்குழந்தையோடு செல்பவர்களுக்கும், சக்கர நாற்காலி தேவைப்படும் முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கும், பாதி வழியில் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏறுவதைவிட இடைநில்லா விமானமே நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது.