நுவரெலியாவா, திகனவா?

இலங்கை மலையகத்தில் கோல்ப் மைதானம் என்றால் இரண்டு பெயர்தான் வரும். ஒன்று, 1889இல் தொடங்கிய நுவரெலியா கழகத்தினுடையது. மற்றது திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது.

திகனவில் இடம் தாராளம். தண்ணீரும் நக்கிள்ஸ் மலையும் கண்ணில் படுகிற மாதிரி ஆட்டப் பாதைகளைத் திருப்பியிருக்கிறார்கள். அழகுதான், சந்தேகமில்லை.

நுவரெலியா வேறு மாதிரி. நகரத்துக்குள்ளேயே, உயர்ந்த மரங்களுக்கிடையே ஒடுங்கிய பாதைகள். இங்கே விஞ்ஞானம் காற்றில் இருக்கிறது: 1,800 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு, அடித்த பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். குளிர் அதைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும், சரி. ஆனால் மரங்கள் நெருக்கி நிற்பதால் பலத்தை நம்பி ஓங்கி அடித்தால் பந்தைக் காட்டுக்குள்தான் தேட வேண்டும்.

இரண்டிலும் மழைத்தண்ணீரை வடியவிடுவதுதான் பெரிய வேலை. தேயிலை மலையில் கான், அதாவது வடிகால், வெட்டிய எங்கள் பெரியப்பாவுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சரிவைப் பார்த்தே தண்ணீர் போகும் வழியைக் காட்டுவார்.

படம் எடுக்கத் திகன போங்கள். ஆடுவதற்கு என்றால் நான் நுவரெலியாவுக்குத்தான் பஸ் ஏறுவேன், ஸ்வெட்டரோடு.