மருதமுனைக் கைத்தறிச் சாறனும் சேலையும்: ஓராண்டு உடுத்திப் பார்த்த பிறகு

கிழக்கிலங்கையின் மருதமுனையில் வாங்கிய நான்கு சாறன்களையும் மூன்று சேலைகளையும் ஓராண்டுக்கு மேலாக எங்கள் வீட்டில் உடுத்தி, துவைத்து, கொடியில் காயப்போட்டு, மடித்து வைத்துப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வாங்கிய அன்றே எழுதியிருந்தால் புகழ்ச்சி மட்டுமே இருந்திருக்கும். கைத்தறித் துணி பத்துத் தண்ணீராவது காண வேண்டும். அதற்குப் பிறகே நூலின் குணமும் சாயத்தின் குணமும் வெளியே வரும். நான் களுவாஞ்சிகுடியில் உயர்தர வகுப்புக்கு வணிகக்கல்வி கற்பிப்பவள். ஏற்றுமதி ஊக்குவிப்பு பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடும் எனக்கு, பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் நெய்யப்படும் ஒரு துணி கடல் கடப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பது இந்த ஓராண்டில்தான் கையால் தொட்டுத் தெரிந்தது.

கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு தாண்டி, பெரியநீலாவணையில் மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்கியதும் மருதமுனை வந்துவிடும். கல்முனை வீதியின் இருபுறமும் துணிக்கடைகள் உண்டு. நான் வாங்கிய கடை ஒரு வீட்டின் முன்கூடம். பின்கட்டில் நான்கு தறிகள். ஒரு குறையையும் சேர்த்து எழுதப் போவதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. வாங்கிய நாளில் சாறன் ஒன்று 2,200 ரூபா, சேலைகள் 5,500 முதல் 7,000 ரூபா வரை. இதே அளவிலான விசைத்தறிச் சாறன் சந்தையில் ஏறத்தாழப் பாதி விலைக்குக் கிடைக்கும். அப்படியிருக்க ஏன் இதை வாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதனால் முதலில் சாறனைப் பற்றியே சொல்கிறேன்.

கட்டம் போட்ட அந்தச் சாறன்களுக்கு 80ஆம் இலக்க இரட்டை நூல் பயன்படுத்தப்பட்டதாகக் கடைக்காரர் சொன்னார். புதிதில் கஞ்சிப் பசையால் அது விறைப்பாக இருந்தது. என் கணவர் முதல் இரண்டு நாள் உடுத்திவிட்டு, இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது என்று முறையிட்டார். மூன்றாவது துவைப்பில் கஞ்சி முழுவதும் போனதும் துணி தன் இயல்புக்கு வந்தது. இப்போது அது உடம்போடு படிந்து நிற்கிறது, வியர்வையை உறிஞ்சுகிறது, சித்திரை வெயிலிலும் தொடையில் ஒட்டுவதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குறுக்கான ஊடை இழைகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் மயிரிழையளவு இளக்கமாகவும் ஓடுவது தெரியும். அது குறையன்று, மனிதக் கை அச்சை இழுத்து அடித்ததன் அடையாளம். அந்த இளக்கத்தின் ஊடாகத்தான் காற்று போகிறது என்று நான் நம்புகிறேன். ஓராண்டில் நான்கில் ஒன்றுகூடக் கிழியவில்லை, கரை சுருளவில்லை, நீலமும் கறுப்பும் வெளிறவில்லை. உடுப்பு என்ற வகையில் இதற்கு மேல் நான் எதையும் கேட்க மாட்டேன்.

சேலைகளில் இரண்டு மிக நல்லவை. மூன்றாவதுதான் என்னை வருத்தியது. வெண்ணிற உடலும் அரக்குக் கரையும் கொண்ட அந்தச் சேலையைக் கடைக்காரர் சொன்னபடியே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் முதல் முறை அலசினேன். அப்படியிருந்தும் கரையின் சாயம் இறங்கி, முந்தானையை ஒட்டிய வெண்மையில் இளஞ்சிவப்புத் திட்டுகளாகப் படிந்துவிட்டது. பிள்ளைகளின் பரிசளிப்பு விழாவுக்கு உடுத்துவதற்கென வைத்திருந்த சேலை அது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் மறுக்கவில்லை, என்னைக் குற்றம் சொல்லவுமில்லை. நீல நூலுக்குத் தாமே, துவைத்தாலும் எளிதில் போகாத வற் சாயம் போட்டதாகவும், அரக்கு நூலைச் சாயமிட்ட நூலாகவே வெளியில் வாங்கியதாகவும், அதில் என்ன சாயம் இருந்தது என்பது தமக்கே தெரியாது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சேலையில் 1,000 ரூபா குறைத்துத் தந்தார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் விற்பவருக்கே தன் துணியின் சாயம் தெரியாத நிலை எவ்வளவு பெரிய தடை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

பரிஸில் வசிக்கும் என் அக்காவுக்கு ஒரு சேலையும், அத்தானுக்கு இரண்டு சாறன்களும் அனுப்பியிருந்தேன். அத்தான் உடுத்திய சாறனைப் பார்த்த ஒருவர், பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் துணிக்கடை வைத்திருப்பவர், இதே கட்டத்தில் 40 சாறன்கள், ஓரங்களைச் சேர்த்து மூட்டித் தைக்காமல், கிடைக்குமா என்று கேட்டார். அவர் விதித்த நிபந்தனைகள் மூன்றே: எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், சாயம் போகக் கூடாது, என்ன நூல் என்று எழுதிய சிட்டை ஒவ்வொன்றிலும் தைத்திருக்க வேண்டும். வீட்டில் இருந்த நான்கையும் நிலத்தில் விரித்து நாடாவால் அளந்து பார்த்தேன். நீளத்தில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையில் மூன்று அங்குல வித்தியாசம் இருந்தது. உடுத்துபவருக்கு இது பொருட்டே அல்ல. மொத்தமாக வாங்கி அடுக்கி விற்பவருக்கோ இதுவே போதும், கட்டைத் திருப்பி அனுப்ப.

சிட்டையைப் பற்றிய அவருடைய நிபந்தனை அவரது பிடிவாதம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் துணிகளில் எந்த நார் எத்தனை சதவீதம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். சாயத்துக்கும் சட்டம் உண்டு. சில அசோ சாயங்கள் சிதைந்து நச்சு அமைன்களை வெளிவிடுபவை என்பதால், அத்தகைய அமைன் ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் அத்துணியை அங்கே விற்க முடியாது. துவைக்கும்போது சாயம் போவதை அளப்பதற்கும் 1 (மிக மோசம்) முதல் 5 (மிக நன்று) வரையிலான சாம்பல் அளவுகோல் ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. எனது அரக்குச் சேலை அந்த அளவுகோலின் அடிப்படியில்தான் நின்றிருக்கும்.

இதில் நமக்கு வாய்ப்பான ஒரு செய்தியும் இருக்கிறது. நமது நெசவாளர் பலரை அது சென்றடையவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இலங்கை 2010 ஆகஸ்டில் இழந்து 2017 மே மாதம் மீளப் பெற்றது. நமது பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை ஆடைத் துறையே ஈட்டுகிறது. இருந்தும், வெளிநாட்டுத் துணியை இங்கே வெட்டித் தைக்கும் ஆடைகள் பல, ஒரு பொருள் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று தீர்மானிக்கும் உற்பத்தித் தோற்ற விதியை நிறைவேற்ற முடியாமல் இந்தச் சலுகையைத் தவறவிடுகின்றன. மருதமுனைத் துணிக்கு அந்தத் தடை இல்லை. தைக்கப்படாத பருத்திச் சேலையும் மூட்டாத சாறனும் சுங்க வகைப்படுத்தலில் 52ஆம் அத்தியாயத்துக்குரிய துணிகள். நூல் இந்தியாவிலிருந்து வந்ததாக இருந்தாலும், அதற்கு இங்கே சாயமிட்டு இங்கேயே நெய்தால் அது இலங்கைத் தயாரிப்பாகவே ஏற்கப்படும். பொதியின் பெறுமதி 6,000 யூரோவுக்கு மேற்படாதவரை, பதிவு பெறாத சிறு ஏற்றுமதியாளரும் பற்றுச்சீட்டிலேயே தோற்ற உறுதிமொழியை எழுதி அனுப்பலாம். நாற்பது சாறன்களின் பெறுமதி அந்த எல்லைக்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. இதை நான் விளக்கியபோது கடைக்காரர் இரண்டு முறை திரும்பக் கேட்டுத் தன் கணக்குப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிக்கொண்டார்.

ஆனால் இங்கே சாயமிட வேண்டும் என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சாயமிட்ட நூலை வெளிநாட்டிலிருந்து வாங்கி நெய்தால் நான் சொன்ன அந்த விதி நிறைவேறாது. எனவே நல்ல சாயப்பட்டறை ஒன்று, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியுடன், இந்த ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும். வற் சாயமிடுவதற்குக் கோஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் சரியான அளவில், சரியான வெப்பத்தில் சேர வேண்டும். வீட்டு முற்றத்து அண்டாவில் ஒரு நாள் வந்த நீலம் மறுநாள் வருவதில்லை. நாற்பது சாறனுக்கு ஒரே நீலம் வேண்டுமென்றால் நூல் முழுவதும் ஒரே தொட்டியில் இறங்க வேண்டும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை உருவானது. 2020 ஆகஸ்டில் பத்திக், கைத்தறி, உள்நாட்டு ஆடை உற்பத்திக்கென்றே ஓர் இராஜாங்க அமைச்சு அமைக்கப்பட்டது. கண்காட்சிகளில் கைத்தறிக்குக் கூடம் ஒதுக்கப்படுகிறது. பயிற்சி நெறிகள் நடக்கின்றன. ஆயினும் 2018 முதல் 2022 வரையிலான தேசிய ஏற்றுமதி மூலோபாயம், 2022இல் 2,800 கோடி டொலர் வருமானத்தை இலக்காக வைத்து முன்னுரிமை தந்த ஆறு துறைகளில் மசாலாப் பொருட்கள் இருந்தன, படகுக் கட்டுமானம் இருந்தது, மின்னணு உதிரிப்பாகங்கள் இருந்தன, கைத்தறி இருக்கவில்லை. கண்காட்சிக் கூடம் துணியைக் காட்டுவதற்கு உதவும். சாயத்தைச் சோதித்துச் சான்று தருவதற்கு உதவாது. அந்தச் சோதனையை எங்கே, எவ்வளவு செலவில் செய்யலாம் என்று அறிய நான் ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேசைகள் மாறியும் யாரைக் கேட்க வேண்டும் என்பதைக்கூட அறியாமல் திரும்பினேன். ஒரு பாடசாலை ஆசிரியைக்கு இப்படியென்றால், தறிக்குழியை விட்டு அரை நாள் எழுந்து வந்தால் அரை நாள் கூலியை இழக்கும் நெசவாளருக்கு அந்த மேசைகள் எவ்வளவு தூரம்!

பின்கட்டில் நெய்துகொண்டிருந்த தாத்தா ஒருவரோடு அன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். (எங்கள் பகுதி முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றே அழைப்பார்கள், கேட்டுக் கேட்டு எங்கள் நாவுக்கும் அது பழகிவிட்டது.) பேச்சுக்கிடையே நெடுக்கான பாவில் ஓர் இழை அறுந்தது. மிதியை நிறுத்தி, விழுதுக்குள் விரல்விட்டு அறுந்த நுனியைத் துழாவி எடுத்து, துண்டு நூலொன்றை அதனோடு சேர்த்து முறுக்கி முடிந்து, அச்சுப் பல்லுக்குள்ளால் இழுத்துவிட்டு ஊடை நூலைக் கொண்டுசெல்லும் தறி நாடாவை மறுபடி ஓடவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது; முடிந்த இடத்தை நான் தடவித் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. “காலையில இருந்து ஒண்டு முடிச்சன் டீச்சர், இது ரெண்டாவது. நூல் நல்லா இருந்தாக் கை தானா ஓடும். நூல் பிசகினா முடிச்சுப் போட்டே பொழுது போயிரும்” என்றார்.

அவருடைய வாப்பா காலத்தில் இதே வளவில் பன்னிரண்டு தறிகள் இருந்தனவாம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் நெய்ததெல்லாம் விற்றது. 1977 இறுதியில் பொருளாதாரம் திறக்கப்பட்டு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தபோது, நாடெங்கும் போலவே இங்கும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிஞ்சியவற்றில் பலவற்றை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கும் நூலின் விலையும் கூடவே ஏறியது. இறக்குமதியை மூடினால் இந்தத் தொழில் தழைக்கும் என்று பேசுபவர்கள், மூடும்போது நூலும் சாயமும் அதே கதவுக்கு வெளியேதான் நிற்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எழுபதுகளை அப்படியே திரும்பக் கொண்டுவருவதை நான் விரும்பவில்லை. மருதமுனையில் நியாய விலைக்கு நூல் தரும் ஒரு களஞ்சியம், ஒரு பொதுச் சாயப்பட்டறை, சாயத்தைச் சோதித்துச் சான்று தரும் ஒரு சிறு கூடம் ஆகிய மூன்றையும் அரசாங்கமும் மாகாண நிர்வாகமும் அமைத்துத் தரட்டும் என்றே கேட்கிறேன். மற்றதை அந்தக் கைகள் பார்த்துக்கொள்ளும்.

வாங்க விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். சாறன் வாங்குவதானால் தயங்காமல் வாங்குங்கள்; நீலம், கறுப்பு, சாம்பல் நிறங்களை நம்பி எடுக்கலாம். வெண்மையோடு அரக்கோ கடுஞ்சிவப்போ சேர்ந்த சேலையானால், எந்தச் சாயம், எங்கே போட்டது என்று கேளுங்கள். ஈரக் கைக்குட்டையால் கரையை அழுத்தித் தேய்த்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். பின்கட்டுத் தறியைப் பார்க்கலாமா என்று கேட்டால் மகிழ்ச்சியோடு உள்ளே கூட்டிப் போவார்கள். பார்த்துவிட்டு வந்தால் 2,200 ரூபா அதிகம் என்று தோன்றாது.

லாச்சப்பல் கட்டுக்காகப் பாவின் நீளத்தை இப்போது அளவுகோல் வைத்துக் குறித்து நெய்கிறார்கள். “100% பருத்தி” என்ற சிட்டைகளைக் கல்முனையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். சென்ற சனிக்கிழமை போனபோது 26 சாறன்கள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. நாடாவால் அளந்தேன், அரை அங்குலத்துக்கு மேல் பிசகவில்லை. மீதி 14க்கு வேண்டிய நூல் கொழும்பிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை.