கம்பெனிப் பணத்தை பி டு பி கடனில் போட்டுப் பார்த்தோம்

இரண்டு பேர் நடத்தும் சின்ன பிரைவேட் லிமிடெட் எங்களுடையது. 2021-இல் கரண்ட் அக்கவுண்டில் ஆறு லட்சம் சும்மா கிடந்தது. எஃப்டி வட்டி அப்போது ஐந்து சதவீதத்தைச் சுற்றித்தான். சரி என்று ஒரு பி டு பி தளத்தில், அதாவது வங்கி நடுவில் இல்லாமல் ஆளுக்கு ஆள் கடன் கொடுக்க வழிசெய்யும் ஆன்லைன் தளத்தில், கணக்குத் தொடங்கினோம். தனியாள் மட்டுமில்லை, கம்பெனியும் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கியின் 2017 விதிகளில் இடம் இருந்தது. கம்பெனி கடன் கொடுப்பதற்கான கம்பெனிச் சட்டம் 186-ஆம் பிரிவுக்காக போர்டு தீர்மானமும் போட்டாயிற்று.

ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. நாங்கள் இன்னும் பயந்து, ஐயாயிரம் ஐயாயிரமாக 120 பேருக்கு, 20 சதவீத வட்டியில், 24 மாதத் தவணைக்குப் பிரித்துக் கொடுத்தோம். மாதம் பிறந்தால் இருநூற்றைம்பது, இருநூற்றைம்பதாக வந்து விழும்; என் கூட்டாளி காலைக் காபியோடு அந்த ஆப்பைத்தான் திறப்பார். எட்டாவது மாதத்திலிருந்து சிலர் இழுக்க ஆரம்பித்தார்கள், கடைசியில் 14 பேர் நின்றே போனார்கள். தளம் போன் செய்யும், நோட்டீஸ் அனுப்பும், அவ்வளவுதான், நஷ்டம் நம்முடையது.

வட்டி சுமார் 1.2 லட்சம், போன அசல் 49,000. மிச்சத்துக்குத்தானே வரி என்று நினைத்திருந்தேன். "நீங்க வட்டிக்கடை நடத்தலையே சார், அசல் போனதை வாராக்கடன்னு கழிக்க முடியாது" என்றார் ஆடிட்டர். ஆக முழு வட்டிக்கும் 25.17 சதவீதம் வரி கட்டினோம். கையில் நின்றது நாற்பதாயிரம் சொச்சம், அதிலும் தளத்தின் கட்டணம் போகணும். இதில் ஒவ்வொரு தவணையையும் அசல் வேறு வட்டி வேறாக டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றிய அக்கவுண்டன்ட் பெண்ணின் சாபம் தனிக்கணக்கு.

அதோடு விட்டிருக்கலாம். 2023-இல் 'எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்ற திட்டத்தில் மூன்று லட்சம் போட்டோம். கடன் கொடுத்த ஒருவர் வெளியேறும்போது, கடன் கொடுக்க வரும் இன்னொருவரின் பணத்தை எடுத்து அவருக்குக் கொடுக்கிற ஏற்பாடு அது. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதற்குத் தடை போட்டதும் எடுக்கும் பட்டன் செத்துப்போனது. ரிசர்வ் வங்கி செய்தது சரிதான், ஆனால் ஜிஎஸ்டி கட்ட வைத்திருந்த பணம் அது. ஓவர்டிராஃப்டில் சமாளித்தோம், கடன்காரர்கள் கட்டக் கட்டத்தான் வந்தது, முடிய ஒன்பது மாதம்.

இப்போது உபரிப் பணம் ஸ்வீப் எஃப்டியில் இருக்கிறது; கணக்கில் மிஞ்சுவது தானாக எஃப்டிக்குப் போகும், வேண்டும்போது திரும்பி வரும். ஆப்பை மட்டும் அழிக்கவில்லை. பழைய 14 பேரில் ஒருவர் திடீரென்று மாதம் நூறு ரூபாய் கட்ட ஆரம்பித்திருக்கிறார், அக்கவுண்டன்ட் அதை அசலா வட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.