விரிகுடாக்களுக்கு ஏற்ற வாடகைப் பாய்மரப் படகு

காற்று மறைவான விரிகுடாக்களிலும் தீவுகளுக்கு இடைப்பட்ட நீர்வழிகளிலும் சுற்றிவர நாங்கள் வாடகைக்கு எடுத்த 32 அடிப் பாய்மரப் படகு, அந்த வேலைக்கு மிகப் பொருத்தமாகவே இருந்தது. அதன் அடிப்பகுதி நீருக்குள் 1.2 மீட்டர் மட்டுமே இறங்குவதால், பெரிய படகுகள் நெருங்கத் தயங்கும் கரையோரத்திலும் துணிந்து ஒதுங்க முடிகிறது. முன்பாயைச் சுருட்டும் கயிறு சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் இடத்திலேயே முடிகிறது. நிலமுனையைத் தாண்டியதும் திடீரென வலுக்கும் காற்றை ஒருவரே சமாளித்துவிடலாம்.

குறை நங்கூரத்தில்தான். ஆழத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு சங்கிலி விடவேண்டும் என்ற கணக்கின்படி, கொடுத்திருந்த 20 மீட்டர் சங்கிலி 4 மீட்டர் ஆழத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஓத ஏற்றத்தையும் படகு முகப்பின் உயரத்தையும் கூட்டிப் பார்த்தால் அதுவும் போதாது. சமையலறை சுமார்தான், ஆனால் சமைப்பதற்காகவா படகேறுகிறோம்? சங்கிலியை நீட்டித் தருவதானால் இதே படகை மீண்டும் எடுப்பேன்.