கல்லடியில் ஒரு தமிழ் வகுப்பு: அணி படிக்கப் பிள்ளையை அனுப்பலாமா?

பெயர்ப்பலகை இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், வாகனம் நிறுத்துகிற கொட்டகையைத் திருத்தி வாங்கு போட்டிருக்கிறார்கள். மகள் இந்த முறை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிறாள். தமிழ் இலக்கிய நயமும் பாடமாக எடுத்ததால் ஞாயிறு காலையில் ஆரையம்பதியிலிருந்து ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுகிறேன். திரும்பிப் போய் வர நேரம் இல்லை என்று வெளியில் வேப்பமர நிழலில் இருந்துவிடுவேன். சேர் மைக் பிடித்துத்தான் படிப்பிப்பார், அதனால் எனக்கும் முழுப் பாடமும் கேட்கும்.

நான் படித்த காலத்தில் அணி, அதாவது செய்யுளுக்கு அழகு சேர்க்கும் உவமை, உருவகம் போன்றவை என்றால் பெயரும் வரைவிலக்கணமும் பாடமாக்குவதுதான். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பொருளணி (பொருளால் வரும் அணி) 35 என்று கேட்டதுமே பயம் பிடித்துவிடும். இந்த சேர் அணியின் பெயரைக் கடைசியில்தான் சொல்வார். முதலில் செய்யுளைக் கரும்பலகையில் எழுதி, "புலவர் இதில என்ன வேலை பார்த்திருக்கார்?" என்று கேட்பார். ஆளாளுக்கு ஏதாவது சொல்லி, சத்தம் போட்டு, ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் பெயர் வரும்.

உருவகத்துக்கு எடுத்தது காரைதீவு விபுலாநந்த அடிகளின் பாட்டு. எங்கட பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த அந்த 'வெள்ளைநிற மல்லிகையோ'. அதில் வரும் 'உள்ளக் கமலம்' என்பதைத் தலைகீழாக்கி 'கமல உள்ளம்' என்று எழுதினார். இரண்டும் ஒன்றா? கமல உள்ளம் என்றால் கமலம் போன்ற உள்ளம், அது உவமை. உள்ளக் கமலம் என்றால் உள்ளமேதான் கமலம், அது உருவகம். சொல் இடம் மாறினால் அணியே மாறிவிடுகிறது. மலரடி, அடிமலர் இரண்டையும் அதே கையோடு பிள்ளைகளே பிரித்துவிட்டார்கள்.

அடுத்தது 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' குறள். "கடல் வந்திட்டு. தோணி எங்க?" என்று கேட்டார். வாவிக்கரைப் பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்வி! பிறவியைக் கடல் ஆக்கிய வள்ளுவர் இறைவன் அடியைத் தோணி ஆக்காமல் விட்டுவிட்டார். ஒன்றை உருவகம் செய்து அதற்கு இணையானதைச் செய்யாமல் விடுவது ஏகதேச உருவகம். இப்போது எனக்கும் மறக்காது.

நல்ல சண்டை நடந்தது சிலப்பதிகாரத்தில். கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரிக்கு வரும்போது மதில்மேல் கொடிகள் 'வாரல் என்பனபோல்' கைகாட்டுகின்றன. "போல் என்று இருக்குதே சேர், உவமைதானே?" என்று ஒரு பொடியன் விடவேயில்லை. நானும் வெளியில் இருந்து அவன் பக்கம்தான். சேர் கோபப்படவில்லை. "சரி மனே, கொடி எதைப்போல இருக்கு எண்டு சொல்லு பாப்பம்" என்றார். பதில் இல்லை. கொடி காற்றுக்கு அசைகிறது, அது இயல்பு. வராதே என்று தடுக்கிறது என்பது இளங்கோ தன் மனத்தில் இருந்ததை அதில் ஏற்றியது. ஆகவே தற்குறிப்பேற்றம். 'போல' கண்ட இடமெல்லாம் உவமை என்று எழுதிப் புள்ளியை இழக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடத்துக்காகவே காசு கட்டலாம்.

குறைகளும் இருக்கு. சொல்லால் அழகு வரும் சொல்லணிப் பக்கம் ஒரே ஓட்டம். வந்த சொல்லே வேறு பொருளில் திரும்ப வரும் மடக்கையும், படத்துக்குள் எழுத்தை அடைக்கும் சித்திரகவியையும் ஒரு வகுப்புக்குள் அடைத்து முடித்துவிட்டார், மகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. டியூட்டில் (வகுப்பில் கொடுக்கிற குறிப்புத் தாள்) 'தீயினாற் சுட்டபுண்' குறளை வேற்றுப்பொருள் வைப்பில், அதாவது பொது உண்மையால் ஒன்றை விளக்கும் அணியில் போட்டிருக்கிறார்கள். தீ சுட்ட புண், நாக்கு சுட்ட வடு இரண்டும் சுடுவதில் ஒத்து ஆறுவதில் வேறுபடுகின்றன, அது வேற்றுமை அணி. வகுப்பில் சேரே வாயால் திருத்தினார், ஆனால் அதற்குப் பிறகும் அதே பிழையோடுதான் போட்டோக் கொப்பி கொடுபடுகிறது. எழுதும் பயிற்சியும் காணாது. வாயால் அழகாகச் சொல்கிற மகள், பரீட்சைத் தாளில் நயம் எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நிற்கிறாள். பழைய வினாத்தாள்களை வைத்து வீட்டில் நாங்கள்தான் எழுதுவிக்கிறோம்.

ஃபான் இரண்டுதான். பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகளுக்குக் காற்று வராது, நேரத்தோடு போய் முன்னுக்கு இடம் பிடியுங்கள். காசு மாத முடிவில் கொடுத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. பத்தாம் தரத்தில் சேர்த்தால் நல்லம். கடைசி மூன்று மாதத்தில் புள்ளி கூட்ட நினைத்து வருகிறவர்களுக்கு இவருடைய வேகம் சரிவராது, ஒரு குறளோடு ஒரு மணித்தியாலம் இருப்பார்.