வாட்ஸ்அப் பிசினஸ்: வந்து கேட்பவருக்குப் பதில் சொல்லத்தான், ஊரைக் கூவி அழைக்க அல்ல

முறுக்கு, ஊறுகாய், சுங்குடிச் சேலை, பிறந்தநாள் கேக் என்று வீட்டிலிருந்தோ சின்னக் கடையிலிருந்தோ விற்பவர்களில் பலர் இன்னும் சாதாரண வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் வாங்கிக் காலம் தள்ளுகிறார்கள். 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குக் கட்டணம் கிடையாது. ஒருவரோ இருவரோ பதில் சொல்லும் கடை என்றால், தயங்காமல் மாறிவிடலாம். ஆனால் ஒரே தட்டில் ஆயிரம் பேருக்கு விளம்பரம் அனுப்பலாம் என்று யாராவது சொன்னதை நம்பி நிறுவுவதாக இருந்தால், வேண்டாம்.

எந்த எண்ணில் தொடங்குவது என்பதுதான் முதல் முடிவு. ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. சொந்த எண்ணை மாற்றினால் ஆண்ட்ராய்டில் பழைய உரையாடல்கள் கூடவே வந்துவிடும் (மாற்றுமுன் பேக்கப் எடுத்துவிடுங்கள்). ஆனால் அதற்குப் பிறகு பிள்ளையின் பள்ளிக் குழுவிலும் நீங்கள் ஊறுகாய்க் கடையாகத்தான் தெரிவீர்கள். இரட்டை சிம் போனில் இரண்டாவது எண்ணுக்கு இதை நிறுவுவதே நிம்மதி. கடையின் லேண்ட்லைன் எண்ணையும் பயன்படுத்தலாம். செயலி முதலில் எஸ்எம்எஸ் அனுப்பப் பார்க்கும், அது போய்ச் சேராது. கவுன்ட்டவுன் முடியும்வரை காத்திருந்து, 'என்னை அழை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மணி அடித்து ஆறு இலக்க எண்ணைச் சொல்லும். எக்ஸ்டென்ஷன் வைத்த அலுவலக இணைப்பில் இது வேலை செய்யாது, நேரடி இணைப்பு வேண்டும்.

எண் கிடைத்ததும் இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின்னை வைத்துவிடுங்கள். ஓடிபியை ஏமாற்றி வாங்கிக் கணக்கைப் பறிப்பவர்கள் கடை எண்களையும் விட்டு வைப்பதில்லை. இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் எண் செயலிழந்து, சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போகலாம். அதற்குப் பிறகு ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

இந்தச் செயலியில் ஆகச் சிறந்தது, பொருள்களைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் கேட்லாக். 2019 இறுதியில் சேர்க்கப்பட்ட இதில் 500 பொருள்கள் வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் 10 படங்கள் வரை. பெயர், விலை, விவரம், பொருள் குறியீடு ஆகியவற்றுக்கு இடம் உண்டு. பொருள்களைத் தொகுப்புகளாகப் பிரித்தும் வைக்கலாம். படம் சதுரமாகத்தான் தெரியும் என்பதால், சேலையை நெடுக்கில் எடுத்துப் போட்டால் முந்தானையோ கரையோ வெட்டுப்படும். முதல் படத்தை மட்டுமாவது சதுரமாக எடுங்கள். அதில் விலையை எழுதி ஒட்ட வேண்டாம். நாளைக்கு விலை மாறினால் படத்தையே மாற்ற வேண்டியிருக்கும். விலையை அதற்கான கட்டத்தில் போடுங்கள். விலையே போடாமல் 'தனியாகக் கேளுங்கள்' என்று விட்டு வைப்பது ஏதோ வியாபாரத் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். விலை கேட்டு மட்டும் வரும் மெசேஜ்களுக்குப் பதில் சொல்லியே பொழுது போகும், வேறு பலன் இல்லை.

பொருளைச் சேர்த்ததும் உடனே வெளியே தெரியாது, பரிசீலனைக்குப் போகும். இந்தியக் கணக்கு என்றால் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்ற கட்டத்தையும் நிரப்ப வேண்டும். நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவின் வணிகக் கொள்கைதான். மது, புகையிலை, மருந்து, ஆயுதம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். உயிருள்ள பிராணிகளும் கூடாது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நாட்டுக்கோழிக் குஞ்சு, ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். சித்த மருந்து, லேகியம் விற்பவர்களும் இதே சுவரில் முட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. 'சர்க்கரை நோய் தீரும்' என்று விவரத்தில் எழுதினால் நிராகரிப்பை நாமே கேட்டு வாங்குகிறோம் என்று அர்த்தம்.

கேட்லாக்கின் பெரிய குறை, கையிருப்பை எண்ணத் தெரியாதது. மூன்றே சேலை இருந்தாலும் முப்பது பேர் கூடையில் (கார்ட்) போடலாம். அந்தக் கூடை மெசேஜாக வந்து சேரும், அவ்வளவுதான். அதற்குள் பணமும் வந்துவிடாது, இருப்பும் குறையாது. தீர்ந்த பொருளை அழிக்காமல் மறைத்து வைத்தால், மறுபடி சரக்கு வரும்போது ஒரே தட்டில் திரும்பக் கொண்டுவரலாம். ஒவ்வொன்றாக நெய்து விற்பவர்கள், தினம் மெனு மாற்றும் சமையல்காரர்கள் போன்றோருக்குக் கூடை தொல்லையாகத்தான் இருக்கும். கேட்லாக் அமைப்பில் அதை அணைத்துவிடலாம்.

அடுத்து, உங்களோடு உரையாடலை நேரே திறக்கும் இணைப்பும் கியூஆர் குறியீடும். 'டபிள்யூஏ டாட் மீ' (wa.me) என்று தொடங்கும் இணைப்பை நாமே கையால் எழுதலாம். சாய்கோட்டுக்குப் பின் 91, அதையடுத்துப் பத்து இலக்கம். கூட்டல் குறி, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது, இருந்தால் திறக்காமல் போகலாம். பின்னால் ஒரு முன்செய்தியையும் (திறந்ததும் வாடிக்கையாளர் அனுப்பத் தயாராக நிற்கும் வாசகம்) சேர்க்க முடியும். தமிழில் சேர்த்தால்தான் வம்பு. இணைப்புக்குள் தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும், புள்ளிக்கும் தனியாக ஒன்பது. 'வணக்கம்' என்ற ஒரு சொல்லே 63 எழுத்தாகிவிடும். அதைக் கியூஆர் ஆக்கினால் அதன் கட்டங்கள் நெருங்கி, ஊறுகாய்ப் பாட்டில் லேபிளில் சின்னதாக அச்சடித்தால் கேமராவுக்குப் பிடிபடாது. செயலிக்குள்ளேயே பிசினஸ் கருவிகளில் குறுகிய இணைப்பும் அதற்கான கியூஆரும் இருக்கின்றன. அதில் முன்செய்தி இணைப்புக்கு வெளியே தனியாகச் சேமிக்கப்படுவதால், தமிழில் எவ்வளவு எழுதினாலும் இணைப்பு நீளாது, முன்செய்தியைப் பின்னால் மாற்றவும் செய்யலாம். அங்கே இருக்கும் 'மீட்டமை' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் பழைய குறியீடு செத்துவிடும், அச்சடித்த ஸ்டிக்கர்கள் எல்லாம் குப்பை.

முன்கூட்டியே எழுதி வைக்கும் பதில்கள் மூன்று வகை, முதல் இரண்டும் தானாகவே போகும். வரவேற்புச் செய்தி முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி வருபவருக்கும் போகும். அதில் 'வணக்கம், விரைவில் பதிலளிப்போம்' என்று மட்டும் எழுதுவது வீண். 'மதுரைக்குள் மறுநாள் டெலிவரி, வெளியூருக்குக் கூரியர் கட்டணம் எடைக்கேற்ப, முன்பணம் வந்த பிறகே தயாரிப்பு' என்று எழுதினால் பாதிக் கேள்விகள் அங்கேயே அடங்கும். கடை மூடிய நேரத்துக்கான செய்தியை வேலை நேரத்தோடு இணைத்து வையுங்கள். 'எப்போதும் அனுப்பு' என்று விட்டுவிட்டு, கடையில் உட்கார்ந்துகொண்டே 'நாங்கள் இப்போது இல்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. போன் இணையத்தில் இருந்தால்தான் இந்தச் செய்தி போகும் என்பதும் நினைவிருக்கட்டும். இரவில் டேட்டாவை அணைப்பவருக்கு இதனால் பயனில்லை. மூன்றாவது விரைவுப் பதில். சாய்கோடு தட்டியதும் சேமித்த பதில்கள் வந்து நிற்கும், 50 வரை வைக்கலாம். வங்கி விவரம், வழி, அளவு அட்டவணை ஆகிய மூன்றை வைத்தாலே கை வலி பாதி குறையும்.

உரையாடல்களைப் பிரித்து அடையாளம் வைக்கும் லேபிள்கள் 20 வரை. 'பணம் பாக்கி', 'பேக்கிங்', 'அனுப்பியாச்சு', 'திரும்பி வந்தது' என்று நாலைந்து போதும். பத்துக்கு மேல் போனால் எதை எங்கே ஒட்டினோம் என்பதே மறந்துபோகும்.

இனி எல்லோரும் ஆசைப்படும் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. ஒரு பட்டியலில் 256 பேர் வரை. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது, யாருக்குப் போகவில்லை என்று செயலி எச்சரிக்கவும் செய்யாது. 'தீபாவளிக்கு 200 பேருக்கு அனுப்பினேன், ஆறு பேர்தான் பதில் போட்டார்கள்' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதல் ஆர்டரோடு பார்சலில் ஒரு சீட்டு வையுங்கள்: 'புதுச் சரக்கு வந்தால் தெரிய இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்'. ஸ்டேட்டஸும் அப்படித்தான், இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால்தான் தெரியும். இதற்கு மாற்றாக எல்லா வாடிக்கையாளரையும் ஒரே குழுவில் அடைப்பது மோசமான யோசனை. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், போட்டிக் கடைக்காரர் உள்ளே வந்தால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் அவருக்கு இலவசம்.

காசு கொடுத்து எண் பட்டியல் வாங்குவது, பிரவுசரில் மொத்தமாக அனுப்பும் நீட்டிப்பு போடுவது, ஜிபி வாட்ஸ்அப் போன்ற மாற்றுச் செயலியில் ஏறுவது ஆகிய மூன்றும் தடைக்கு நேர்வழி. புது சிம் வாங்கிய கையோடு முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே வாசகத்தை அனுப்பினால், பெற்றவர்கள் பிளாக் செய்வார்கள், புகாரும் கொடுப்பார்கள். அந்தப் புகார்கள் சேரும்போது எண் முடக்கப்படும். கேட்லாக், இணைப்பு, அச்சடித்த கியூஆர் எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்து போகும். செயலியிலேயே மறுபரிசீலனை கோரலாம், ஆனால் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் 'வேண்டாம் என்றால் "நிறுத்து" என்று அனுப்புங்கள்' என ஒரு வரி சேர்த்தால், கோபக்காரர் புகார் பொத்தானுக்குப் பதிலாக அதைத் தட்டுவார்.

பணம் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. யூபிஐ ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகத் தயாரிப்பது சுலபம். ஸ்கிரீன்ஷாட் வந்ததும் 'பணம் வந்தது' லேபிளை ஒட்டாதீர்கள். வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ தொகையைக் கண்ணால் பார்த்த பிறகு ஒட்டுங்கள்.

ஒரு போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், முதன்மைப் போனை 14 நாளுக்கு ஒருமுறையாவது திறக்க வேண்டும். இல்லையென்றால் இணைத்தவை கழன்றுவிடும். இரண்டு பேர் பதில் சொல்லும் இடத்தில் எந்த உரையாடல் யார் பொறுப்பு என்று பிரித்துக் கொடுக்க இலவசச் செயலியில் வழியில்லை. ஒரே வாடிக்கையாளருக்கு இருவரும் இருவேறு விலை சொல்லும் கூத்து நடக்கும். பேக்கப்பும் கவனிக்க வேண்டியது. ஆண்ட்ராய்டில் அது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில்தான் போய் உட்காரும், ஜிமெயிலும் புகைப்படங்களும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன. வாடிக்கையாளர் அனுப்பும் படங்கள் தானாக இறங்குவதை அணைத்துவிடுங்கள், பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்க வேண்டாம்.

பதில் சொல்ல மூன்று நான்கு பேர் தேவைப்படும் அளவுக்குக் கடை வளர்ந்தால், அப்போது பார்க்க வேண்டியது ஏபிஐ வழியாக, அதாவது வேறொரு மென்பொருளோடு இணைத்து இயங்கும் வாட்ஸ்அப் பிசினஸ் தளம். அங்கே வாடிக்கையாளர் எழுதிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் சுதந்திரமாகப் பதில் சொல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அந்தக் கெடு முடிந்த பின் நாமாக எழுத வேண்டுமென்றால், முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புருவில் (மாதிரி வாசகம்) மட்டுமே முடியும். 2025 ஜூலை முதல் வார்ப்புருச் செய்திகளுக்கு ஒவ்வொன்றாகக் கட்டணம். விளம்பரத்துக்கு அதிகம், ஆர்டர் அறிவிப்புக்கு மிகக் குறைவு. இந்தத் தளத்தை இணைத்துத் தரும் இடைத்தரகு நிறுவனத்தின் மாதச் சந்தாவும் ஜிஎஸ்டியும் தனி. விலைப்பட்டியல் கேட்கும்போது மெட்டாவின் கட்டணம் எவ்வளவு, அதன் மேல் அவர்கள் வைக்கும் லாபம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மறுப்பவரிடம் ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள்.