405 மேலே முல்ஹாலண்ட் பாலம்: இடித்துக் கட்டியது எப்படி இருக்கிறது?

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு ஐந்துக்கு நாலரை. எதற்காக அதை இடித்துக் கட்டினார்களோ அந்தக் கீழ்ச் சாலைக்கு இரண்டு, அதுவும் மனசு வந்து போட்டது.

லாஸ் ஏஞ்சலஸில் 405 என்ற எண்ணுள்ள ஃப்ரீவே (சிக்னல் இல்லாத பெரிய நெடுஞ்சாலை) செபுல்வெடா கணவாயில் மலையைத் தாண்டும் இடத்தில், தலைக்கு மேலே நல்ல உயரத்தில் குறுக்கே போகிறதே, அதுதான் முல்ஹாலண்ட் டிரைவ் பாலம். பழையது 1960 வாக்கில் கட்டியது. கீழே வடக்கு நோக்கிய பக்கத்தில் 10 மைலுக்கு ஒரு கார்பூல் லேன் (ஒருவருக்கு மேல் ஏறி வரும் கார்களுக்கான தனித் தடம்) சேர்க்க முடிவெடுத்தபோது பழைய பாலம் இடம் விடவில்லை, ஆகவே அதற்கு நாள் குறித்துவிட்டார்கள். அதே திட்டத்தில் சன்செட், ஸ்கர்பால் சென்டர் டிரைவ் பாலங்களும் மாற்றப்பட்டன. இடிப்பதற்கு இன்னொரு நியாயமும் இருந்தது: பழசு, 1971இல் இந்த ஊரை உலுக்கிய நிலநடுக்கத்துக்கு முந்தைய விதிகளில் கட்டிய கான்கிரீட். அந்தக் காலத்துத் தூண்களில் உள்ளே சுற்றிக் கட்டும் வளையக் கம்பி போதாது என்பதை 1971இலும், மறுபடி 1994 நார்த்ரிட்ஜ் நடுக்கத்தில் 10ஆம் எண் ஃப்ரீவே லா சியெனெகா தெருப் பக்கம் இடிந்து விழுந்தபோதும் இந்த ஊர் பார்த்தாகிவிட்டது.

இப்போது டிசைனுக்கு வருவோம், ஏனென்றால் என் நாலரையில் பெரும்பங்கு அதற்குத்தான். போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கும் பாலத்தை மாற்ற மூன்றே வழி. மொத்தமாக மூடி இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம், ஆனால் மேலே மலை நெடுகப் பள்ளிக்கூடங்கள், சுற்றிப் போக வழியே இல்லாத வீடுகள், அந்தப் பேச்சே எடுபடாது. பக்கத்தில் புதுசைக் கட்டி முடித்துவிட்டுப் பழசை இடிக்கலாம், பொறியாளருக்கு இதுதான் சுகமான வழி, ஆனால் சாலையை வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்க மலையைக் குடைய வேண்டும், புது நிலம் வேண்டும். மூன்றாவது, இருந்த இடத்திலேயே பாதி பாதியாக. இங்கே செய்தது அதைத்தான்: முதலில் தெற்குப் பாதியை உடைத்துக் கட்டினார்கள், அந்தக் காலம் முழுக்க வடக்குப் பாதியில் வண்டி ஓடியது, அப்புறம் மாற்றிக்கொண்டார்கள்.

கேட்க எளிது. ஆனால் பாதியாகச் செய்கிறோம் என்றாலே டிசைன் வேலை இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பாலத்துக்குக் கணக்குப் போட்டால் போதாது, நீளவாக்கில் பிளந்துவிட்ட பழைய பாதி மட்டும் தனியாக நின்று, ஒரு பக்கமாகவே பாரம் வாங்கி, நடுவில் நடுக்கம் வந்தால் அதையும் தாங்குமா என்று அதற்கும் போட வேண்டும். இடித்த பாதியின் இடத்தில், ஓடும் ஃப்ரீவேக்கு மேலேயே முட்டுச் சாரம் கட்டிக் கான்கிரீட் ஊற்ற வேண்டும், அந்தச் சாரத்தின் கால்களைக் கீழே எந்த லேன்களுக்கு நடுவில் ஊன்றுவது என்பதே ஒரு தனி வரைபடம். கடைசியில் இரண்டு பாதிகளும் சேரும் இடம். முதல் பாதி மாதக்கணக்காக நின்று சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, தொய்ய வேண்டிய அளவு தொய்ந்திருக்கும். இரண்டாவது இப்போதுதான் பிறந்தது. சரியாகக் கணிக்காவிட்டால் நடுக்கோட்டில் படி மாதிரி ஒரு ஏற்ற இறக்கம் நிற்கும். முல்ஹாலண்டில் கார் ஓட்டும்போது அந்தத் தையல் எங்கே என்று தெரியவே இல்லை. சாதாரண ஓட்டுநருக்கு இது ஒன்றுமில்லை, எனக்கு இதற்கே கைதட்டத் தோன்றியது.

விலை என்னவென்றால் ஃப்ரீவேயை இரண்டு முறை மூட வேண்டியதாயிற்று. 2011 ஜூலையில் முதல் தடவை, 53 மணி நேரம் மூடுவோம் என்று அறிவித்ததும் ஊரே கிலி பிடித்துக் கிடந்தது, காவல்துறை நட்சத்திரங்களைக் கூப்பிட்டு ட்வீட் போடச் சொன்னது, ஜெட்புளூ விமான நிறுவனம் ஊரின் ஒரு பக்கமுள்ள பர்பாங்கிலிருந்து மறுபக்கமுள்ள லாங் பீச்சுக்கு 4 டாலருக்கு விமானம் விட்டது (அந்த விமானத்தைச் சைக்கிள்காரர்கள் பந்தயத்தில் தோற்கடித்தது தனிக் கூத்து). சாலையில் மண்ணைக் கொட்டி மெத்தை போட்டு, மேலிருந்து உடைத்துத் தள்ளினார்கள். எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டதால் நெரிசல் வரவே இல்லை, வேலையும் 17 மணி நேரம் முன்னதாகவே முடிந்தது. அந்தச் சனிக்கிழமை 405 ஓரத்தில் மாசு 83 சதவீதம் குறைந்திருந்தது என்று யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். வடக்குப் பாதிக்காக 2012 செப்டம்பர் கடைசியில் இன்னொரு வார இறுதி. ஒப்பந்தக்காரரான கீவிட்டுக்கு, திறக்கத் தாமதமானால் நிமிஷக் கணக்கில் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. எல்லா ஊரிலும் இதை எழுதிச் சேர்க்கலாம்.

அரை மார்க் ஏன் குறைத்தேன்? தோற்றம். கலிஃபோர்னியா முழுக்கப் பார்க்கும் அதே கான்கிரீட் பெட்டிக் கர்டர்தான், அதாவது உள்ளே வெற்றிடமான பெட்டி வடிவ உத்தரம். வடக்கே பள்ளத்தாக்கு முழுசும் விரியும் இவ்வளவு நல்ல இடத்தில், அதுவும் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பொறியாளரின் பெயர் வைத்த சாலையில், இன்னும் கொஞ்சம் ஆசையாக வரைந்திருக்கலாம். பராமரிப்புச் செலவு குறைவு, நடுக்கத்தில் நடத்தை நன்றாகத் தெரிந்த வடிவம் என்பார்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன்.

கீழ்ச் சாலைக்கு வருகிறேன். கார்பூல் லேன் 2014 மே மாதம் திறந்தது. மொத்தத் திட்டச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. நெரிசல் நேரத்தின் நீளம் குறைந்தது, கூடுதல் வண்டிகள் போகின்றன என்று அதிகாரிகள் காட்டும் கணக்கு பொய்யில்லை, ஆனால் மாலை ஐந்து மணிக்குக் கணவாய் ஏறுகிறவருக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது, இடம் கிடைத்ததும் இன்னும் நாலு பேர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாலத்தை வரைந்தவர்கள் மேல் இதில் குற்றமே இல்லை.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் பள்ளி விடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 405இலிருந்து ஸ்கர்பால் சென்டர் டிரைவ் வழியில் இறங்கினால் முல்ஹாலண்டுக்குப் போய்விடலாம். ஞாயிறு காலை உத்தமம்.